ஒற்றை எலக்ட்ரானிலிருந்து தொடங்குங்கள்: நியூட்ரினோ கண்டறிகருவியின் ஒளியுணரிகளை அளவுத்திருத்தம் செய்ய முழுமையான வழிகாட்டி

ஜப்பானில் காமியோகா சுரங்கத்தின் அடியில் இருக்கும் சூப்பர்-காமியோகாண்டே தொட்டியில் 50,000 டன் நீர் நிற்கிறது. உள்சுவர் முழுக்க 50 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒளிப்பெருக்கிக் குழாய்கள், ஏறக்குறைய 11,000. சூரியனிலிருந்து வந்த நியூட்ரினோ ஒன்று (எதோடும் அரிதாகவே மோதும், மின்னூட்டமற்ற நுண்துகள்) அந்த நீரில் ஓர் எலக்ட்ரானை முட்டித் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த எலக்ட்ரானுக்கு 10 மெகா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் கிடைத்தால், அத்தனை ஆயிரம் குழாய்களில் அறுபது சொச்சம் குழாய்களே ஒளியை உணரும். அவற்றிலும் பெரும்பாலானவை உணர்வது ஒரே ஒரு ஃபோட்டானைத்தான்.

எந்தக் குழாய், எப்போது, எவ்வளவு மின்னூட்டம். இந்த மூன்றைத் தவிர வேறு எந்தத் தகவலும் நம் கைக்கு வருவதில்லை. நியூட்ரினோவின் ஆற்றலையும் திசையையும் இடத்தையும் இவற்றிலிருந்தே கட்டி எழுப்ப வேண்டும். அதனால் அளவுத்திருத்தத்தை ஒற்றை ஒளியெலக்ட்ரானிலிருந்து (ஒரு ஃபோட்டான் பட்டுக் குழாய்க்குள் விடுபடும் எலக்ட்ரான்) தொடங்குங்கள் என்று அழுத்தமாகச் சொல்கிறேன். பலர் பளிச்சென்ற லேசர் ஒளியைப் பாய்ச்சி, பெரிய அழகான துடிப்புகளைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். கருவி வாழ்நாள் முழுக்கப் பார்க்கப்போவது அந்தப் பெரிய துடிப்புகளை அல்ல.

கீழே வரும் வரிசை நீரிலும் பனியிலும், துகள் பட்டால் ஒளிரும் சின்டிலேட்டர் திரவத்திலும் இயங்கும் கருவிகளுக்குப் பொருந்தும். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். ஒவ்வொரு படியும் முந்தைய படியின் விடையை வாங்கிக்கொண்டுதான் நகர்கிறது.

தொடங்கும் முன்: இருட்டு

ஒளிப்பெருக்கிக் குழாயின் முகப்பில் இருக்கும் ஒளிக்கேதோடு ஒரு ஃபோட்டானை வாங்கி ஓர் எலக்ட்ரானை விடுகிறது. உள்ளே அடுக்கடுக்காக இருக்கும் டைனோடுகள் அந்த ஓர் எலக்ட்ரானைச் சுமார் 1 கோடியாகப் பெருக்குகின்றன. உயர் மின்னழுத்தம் ஓடும்போது அறை வெளிச்சம் பட்டால் குழாய் நிரந்தரமாகக் கெட்டுப்போகலாம். மின்னழுத்தம் இல்லாமலேயே வெளிச்சம் பட்டிருந்தாலும் ஒளிக்கேதோடு பல மணி நேரம் பரபரப்பாகவே இருக்கும். எனவே மூடிய பிறகு ஒரு நாளாவது இருட்டில் அமைதியாக விடுங்கள். மணிக்கு ஒரு முறை இருட்டு எண்ணிக்கையை, அதாவது ஒளியே இல்லாமல் குழாய் தானாகத் தரும் துடிப்புகளின் எண்ணிக்கையை, குறித்து வையுங்கள். அந்த வளைவு தட்டையாகும் வரை எந்த அளவீட்டையும் நம்பாதீர்கள்.

ஒருமுறை சோதனைப் பெட்டியில் இருட்டு எண்ணிக்கை இறங்கவே இல்லை. இரண்டு நாள் மின்னணுச் சுற்றைச் சந்தேகப்பட்டுப் பிரித்து மேய்ந்தோம். கடைசியில் காரணம், கேபிள் நுழையும் துளையில் கறுப்பு டேப் லேசாகத் தூக்கியிருந்தது. அதிலிருந்து அறை விளக்கை அணைத்தும் போட்டும் எண்ணிக்கையை ஒப்பிடுவதுதான் என் முதல் வேலை. அரை நிமிடம் ஆகும், அவ்வளவுதான்.

இன்னொன்று, காந்தப்புலம். பெரிய குழாய்களில் ஒளிக்கேதோடிலிருந்து முதல் டைனோடு வரை எலக்ட்ரான் நெடுந்தூரம் போகிறது. பூமியின் காந்தப்புலமே அதன் பாதையை வளைக்கப் போதும். சூப்பர்-காமியோகாண்டேயில் தொட்டியைச் சுற்றி 26 கம்பிச்சுருள்கள் வைத்து இந்தப் புலத்தைத் தணிக்கிறார்கள். உங்கள் சோதனை மேசையில் ஒரு திசையில் அளந்த குழாயைக் கருவியில் வேறு திசையில் பொருத்தினால், மேசையில் கிடைத்த எண் அங்கே செல்லாது.

படி 1: ஒற்றை ஒளியெலக்ட்ரானைப் பிடிப்பது

முதலில் ஒளியே இல்லாமல், தற்செயலான நேரங்களில் மின்னூட்டத்தைத் தொகுத்துப் பாருங்கள். கிடைக்கும் குறுகிய குன்றுக்குப் பெடஸ்டல் என்று பெயர். இதுதான் உங்கள் பூஜ்யம். இதன் மையத்தையும் அகலத்தையும் ஒவ்வொரு சானலுக்கும் (ஒரு குழாயும் அதன் கேபிளும் மின்னணுச் சுற்றும் சேர்ந்தது) தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஒளி. சில நானோ விநாடி மட்டுமே மின்னும் நீல எல்.இ.டி. அல்லது லேசர் போதும். அதை வடிகட்டிகளால் மங்கச் செய்து, பத்து மின்னலில் ஒன்றுக்குத்தான் குழாய் பதில் தரும் அளவுக்குக் கொண்டுவாருங்கள். பதிவைத் தொடங்கிவைக்கும் சமிக்ஞை எல்.இ.டி.யை ஓட்டும் சுற்றிலிருந்து வர வேண்டும், குழாயிலிருந்து வரக் கூடாது. குழாயே தன்னைப் பதிவு செய்துகொள்ளும்படி விட்டால், வாசல் மதிப்பை (பதிவாகத் தேவையான குறைந்தபட்ச அளவை) தாண்டாத சிறு துடிப்புகள் கண்ணுக்கே தெரியாமல் போய்விடும். பிறகு கிடைக்கும் சராசரி எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

ஏன் பத்தில் ஒன்று? ஒளியெலக்ட்ரான்களின் எண்ணிக்கை, தற்செயல் எண்ணிக்கைகளுக்கு உரிய புவாசோன் பரவலைப் பின்பற்றுகிறது. அதன் சராசரியை லாம்டா என்போம். ஒன்றுமே வராத மின்னல்களின் பங்கை எடுத்து, அதன் இயல் மடக்கையின் குறியை மாற்றினால் லாம்டா கிடைத்துவிடும். 1,00,000 மின்னலில் 90,480 தடவை ஒன்றும் வரவில்லை என்றால் லாம்டா 0.1. பதில் வந்த சுமார் 9,500 தடவைகளில் ஏறக்குறைய 470 தடவை இரண்டோ அதற்கு மேலோ எலக்ட்ரான்கள் இருந்திருக்கும். அதாவது 5 சதவீதம். இந்தக் கலப்பைக் கணக்கில் சேர்த்துச் சரிசெய்வது எளிது. லாம்டா 1 என்று வைத்துவிட்டால், ஒன்றும் இரண்டும் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, எந்த மேடு எதனுடையது என்று பிரிப்பதே பெரும்பாடு.

இந்தப் பூஜ்ய எண்ணிக்கை முறையை நான் மிகவும் நேசிக்கிறேன். குழாயின் பெருக்கம் என்ன, துடிப்பின் வடிவம் என்ன என்று எதையும் அது கேட்பதில்லை. வந்ததா, வரவில்லையா, அவ்வளவே. இருட்டு எண்ணிக்கையை மட்டும் கழிக்க மறக்காதீர்கள்: விநாடிக்கு 5,000 இருட்டுத் துடிப்புகள் உள்ள குழாயை 200 நானோ விநாடி சாளரத்தில் பார்த்தால், அதுவே லாம்டாவில் 0.001 சேர்த்துவிடும். அளப்பது 0.1 என்றால் அது ஒரு சதவீதப் பிழை.

மின்னூட்டப் பரவலில் இப்போது பெடஸ்டலுக்கு வலப்பக்கம் ஒரு மேடு தெரியும். பெருக்கம் 1 கோடி என்றால் அதன் மையம் 1.6 பிகோகூலோம் அருகே இருக்க வேண்டும். எலக்ட்ரான் ஒன்றின் மின்னூட்டத்தை 1 கோடியால் பெருக்கினால் வருவது அதுதான். பெடஸ்டல் ஒன்று, ஒற்றை எலக்ட்ரான் ஒன்று, இரட்டை ஒன்று என மூன்று பங்குகளைச் சேர்த்துப் பொருத்துங்கள். இரட்டையின் மையத்தையும் அகலத்தையும் சுதந்திரமாக விடாதீர்கள். அவை ஒற்றையிலிருந்தே வருபவை. பங்குகளின் விகிதத்தையும் லாம்டாவே தீர்மானிக்கட்டும்.

இங்கே புதியவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பெடஸ்டலுக்கும் மேட்டுக்கும் நடுவில் உள்ள பள்ளம் வெறுமையாக இருக்காது. முதல் டைனோடில் சரியாக விழாத எலக்ட்ரான்களும் அதில் மோதித் திரும்பிய எலக்ட்ரான்களும் சிறு துடிப்புகளாக அங்கே வந்து விழுகின்றன. அவையும் உண்மையான ஒளிதான். அதனால் மேட்டின் உச்சி ஓர் எண்ணைச் சொல்லும், பரவலின் சராசரி அதைவிடக் குறைவான வேறோர் எண்ணைச் சொல்லும். மின்னூட்டத்தை எலக்ட்ரான் எண்ணிக்கையாக மாற்றும்போது தேவைப்படுவது சராசரி. மின்னழுத்தத்தைச் சீரமைக்க உச்சி வசதியானது. குழுவில் ஒருவர் உச்சியையும் மற்றவர் சராசரியையும் பெருக்கம் என்று எழுதிவைத்தால், மாதக்கணக்கில் யாருக்கும் புரியாத ஆற்றல் விலகல் ஒன்று வந்து உட்கார்ந்துகொள்ளும். எதை எழுதுகிறீர்கள் என்பதை அட்டவணையின் தலைப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

குழாய்க்குப் பதிலாகச் சிலிக்கான் ஒளிப்பெருக்கிகளை (நுண்ணிய உணர் அறைகள் நிறைந்த சில்லுகளை) வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அவற்றில் மேடுகள் சீப்புப் பற்கள் மாதிரித் தெளிவாகப் பிரியும், ஆனால் ஒரு நுண்ணறை துடித்தால் பக்கத்து நுண்ணறையும் சேர்ந்து துடிக்கலாம். மேடுகளின் விகிதத்தை வைத்து ஒளியை அளக்காதீர்கள். பூஜ்ய எண்ணிக்கை அங்கேயும் உண்மையைச் சொல்லும்.

படி 2: மின்னழுத்தத்தைச் சீராக்குவது

ஒரே மின்னழுத்தத்தில் இரண்டு குழாய்கள் ஒரே பெருக்கத்தைத் தருவதில்லை. நான்கைந்து மின்னழுத்தங்களில் படி 1-ஐத் திரும்பச் செய்து, இரண்டு அச்சுகளையும் மடக்கையில் வரையுங்கள். ஒரு நேர்கோடு கிடைக்கும். அதன் சாய்வு பத்து டைனோடு உள்ள குழாய்க்குப் பெரும்பாலும் 7-க்கும் 8-க்கும் இடையில் இருக்கும்.

ஓர் உதாரணம்: 1,500 வோல்ட்டில் பெருக்கம் 60 லட்சம், வேண்டியது 1 கோடி, சாய்வு 7.5. அப்படியானால் 1-ஐ 0.6-ஆல் வகுத்து, அதன் 7.5-ஆம் மூலத்தை எடுத்து, 1,500-ஆல் பெருக்குங்கள். விடை சுமார் 1,606 வோல்ட். அதே சாய்வு இன்னொன்றையும் சொல்கிறது: மின்னழுத்தம் 1 வோல்ட் நகர்ந்தால் பெருக்கம் அரை சதவீதம் நகரும். மின்வழங்கியின் நிலைத்தன்மையை வாங்கும் முன்பே பாருங்கள்.

புதிய மின்னழுத்தத்தைப் போட்ட பிறகு மறுபடியும் அளந்து உறுதிசெய்யுங்கள். கணக்கை நம்பி விட்டுவிட வேண்டாம்.

படி 3: நேரம்

நீல ஒளி நீரில் ஒரு நானோ விநாடியில் ஏறக்குறைய 22 சென்டிமீட்டர் போகிறது. குழாய்களின் கடிகாரங்கள் ஒன்றுக்கொன்று சில நானோ விநாடி விலகினாலே நிகழ்வின் இடம் ஒரு மீட்டர் நகர்ந்துவிடும்.

தொட்டியின் நடுவில் ஒளியைப் பரப்பும் பந்து ஒன்றைத் தொங்கவிட்டு, ஒளியிழை வழியாக லேசர் துடிப்பை அனுப்புவது வழக்கமான முறை. கனடாவின் சட்பரியில் 1,000 டன் கனநீருடன் இயங்கிய எஸ்.என்.ஓ. கருவியில் இப்படி ஒரு லேசர் பந்தைப் பல இடங்களுக்கு நகர்த்தி அளந்தார்கள். செய்ய வேண்டியது: பந்திலிருந்து குழாய்க்கு உள்ள தூரத்தை ஒளியின் வேகத்தால் வகுத்து, அந்தப் பயண நேரத்தைப் பதிவான நேரத்திலிருந்து கழிக்க வேண்டும். மிஞ்சுவது அந்தச் சானலுக்கே உரிய தாமதம். கேபிள் நீளமும் எலக்ட்ரான் குழாய்க்குள் பயணித்த நேரமும் மின்னணுச் சுற்றின் தாமதமும் எல்லாம் அதற்குள் அடக்கம். தனித்தனியாகப் பிரிக்கத் தேவையில்லை.

பெரிய குழாயில் ஒற்றை எலக்ட்ரானின் நேரச் சிதறல் சுமார் 2 நானோ விநாடி. இதைக் கண்டு அஞ்ச வேண்டாம். 10,000 துடிப்புகளின் சராசரியை எடுத்தால் மையம் 0.02 நானோ விநாடிக்குத் துல்லியமாகிவிடும். அப்போது பெரிய பிழை எங்கிருந்து வருகிறது? பந்து இருக்கும் இடத்திலிருந்து. 5 சென்டிமீட்டர் தவறாகக் குறித்தால் 0.2 நானோ விநாடிக்கு மேல் போய்விடும். அதுவும் ஒரு பக்கம் கூட்டி, எதிர்ப்பக்கம் குறைத்து வரும். முடிவில் சானல் தாமதங்களைத் தொட்டியின் வரைபடத்தில் நிறமிட்டுப் பாருங்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நிறம் சீராக மாறினால், குற்றவாளி பந்தின் இடம்தான்.

அப்புறம், துடிப்பின் அளவு. பெரிய துடிப்பு வாசல் மதிப்பைச் சீக்கிரம் தாண்டும், சிறியது தாமதமாகத் தாண்டும். இந்த நழுவலைச் சரிசெய்ய லேசரின் ஒளியை மிக மங்கலிலிருந்து மிகப் பிரகாசம் வரை படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு குழாய்க்கும் மின்னூட்டத்துக்கு எதிராக நேரத்தை வரைந்து வைத்துக்கொள்ள வேண்டும். அலுப்பான வேலை, ஆனால் திசையைக் கண்டுபிடிக்கும் திறன் இதில்தான் இருக்கிறது. பரவலின் சராசரியைப் பயன்படுத்தாமல் உச்சியைச் சுற்றி மட்டும் பொருத்துங்கள். சிதறிய ஒளியும் சுவரில் பட்டுத் திரும்பிய ஒளியும் தாமதத் துடிப்புகளும் வலப்பக்கம் வாலாக நீளும்.

தென்துருவப் பனிக்குள் இருக்கும் ஐஸ்கியூப் கருவிக்குத் தொட்டியும் இல்லை, நடுவில் பந்து தொங்கவிட வழியும் இல்லை. அங்கே 5,160 உணரித் தொகுதிகள் 1,450 முதல் 2,450 மீட்டர் ஆழத்தில் உறைந்து கிடக்கின்றன. மேலிருந்து ஒரு மின்துடிப்பைக் கீழே அனுப்புவார்கள். கீழே உள்ள தொகுதி அதே வடிவத் துடிப்பைத் திருப்பி அனுப்பும். இரு திசையிலும் கேபிள் ஒரே மாதிரி நடந்துகொள்வதால், போய்வந்த நேரத்தில் பாதியே தாமதம். போதாததற்கு ஒவ்வொரு தொகுதியிலும் 12 எல்.இ.டி.கள் உண்டு, அவற்றை மின்னவிட்டு அண்டைத் தொகுதிகளில் சரிபார்க்கலாம். மத்தியதரைக் கடலடியில் உள்ள கே.எம்.3நெட் கருவிக்குக் கடல்நீரே உதவுகிறது: உப்பில் உள்ள பொட்டாசியம்-40 சிதையும்போது எழும் செரன்கோவ் ஒளியை (நீரில் ஒளியைவிட வேகமாகப் போகும் மின்னூட்டத் துகள் எழுப்பும் ஒளியை) ஒரே கோளத்துக்குள் இருக்கும் 31 சிறு குழாய்களில் இரண்டு மூன்று சேர்ந்து பார்க்கின்றன. அந்தச் சேர்ந்த துடிப்புகளிலிருந்து நேரமும் திறனும் இரண்டுமே கிடைத்துவிடுகின்றன.

சானல்களுக்கு இடையிலான நேரம் முடிந்ததும் உலக நேரத்தோடு இணைப்பையும் பாருங்கள். வெடித்த நட்சத்திரம் ஒன்றிலிருந்து 1987 பிப்ரவரி 23 அன்று வந்துசேர்ந்த நியூட்ரினோக்களை, சூப்பர்-காமியோகாண்டேயின் முன்னோடியான காமியோகாண்டே கருவி பிடித்தது. ஆனால் அதன் கடிகாரத்தை ஒரு நிமிட அளவுக்கு மேல் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அமெரிக்காவின் ஐ.எம்.பி. கருவியிடம் துல்லியமான நேரம் இருந்தது, அதை வைத்தே இரண்டையும் ஒட்டினார்கள். 2011-இல் ஓபரா குழு நியூட்ரினோ ஒளியை மிஞ்சியதாக அறிவித்த 60 நானோ விநாடிக்குப் பின்னால் சரியாகச் செருகப்படாத ஓர் ஒளியிழை இணைப்பு இருந்தது.

படி 4: குழாயின் திறனா, நீரின் தெளிவா?

இந்த வேலையிலேயே அதிகம் யோசிக்கவைக்கும் இடம் இது. ஒரு குழாய் குறைவாக எண்ணுகிறது. அதன் ஒளிக்கேதோடு பலவீனமா, நீர் ஒளியை விழுங்குகிறதா, பந்து அந்தப் பக்கம் மங்கலாக எரிகிறதா? ஓரிடத்தில் வைத்த ஒற்றை ஒளிமூலத்தால் இதற்கு ஒருபோதும் விடை சொல்ல முடியாது.

மூலத்தை நகர்த்துங்கள். எதிரெதிரே இருக்கும் இரு குழாய்களை அ, ஆ என்போம். கணக்கு புரிவதற்காக எண்களை நானே வைக்கிறேன். பந்து அ-வுக்கு 12 மீட்டரிலும் ஆ-வுக்கு 18 மீட்டரிலும் இருக்கும்போது, அ 1,200 எலக்ட்ரான்களும் ஆ 400-ம் எண்ணுகின்றன. விகிதம் 3. இப்போது பந்தை மறுபக்கம் நகர்த்தி, தூரங்களை இடம் மாற்றுங்கள் (அ-வுக்கு 18, ஆ-வுக்கு 12 மீட்டர்): அ 480, ஆ 1,000. விகிதம் 0.48. இரு விகிதங்களையும் பெருக்கினால் 1.44, அதன் வர்க்கமூலம் 1.2. அ-வின் திறன் ஆ-வைவிட 20 சதவீதம் அதிகம். இதில் நீரும் வரவில்லை, லேசர் இடையில் மங்கியதா என்பதும் வரவில்லை. எல்லாம் அடிபட்டுப் போய்விட்டன.

இனி அதே விகிதங்களை வகுத்துப் பாருங்கள்: 6.25, வர்க்கமூலம் 2.5. தூரத்தின் வர்க்கத்தால் மட்டும் வந்திருக்க வேண்டியது 2.25. மிச்சமுள்ள 1.11 மடங்கு, கூடுதலான 6 மீட்டர் நீர் விழுங்கியது. அதிலிருந்து ஒளி தணியும் நீளம் சுமார் 57 மீட்டர் என்று வருகிறது. நான்கு எண்களிலிருந்து குழாயும் நீரும் தனித்தனியாகப் பிரிந்து வந்து நிற்கும் இந்த இடம் எனக்கு எத்தனை முறை பார்த்தாலும் சலிப்பதில்லை.

நிஜத்தில் ஆயிரக்கணக்கான குழாய்களையும் பல இடங்களையும் சேர்த்து ஒரே பொருத்தமாகச் செய்வார்கள், தத்துவம் இதுதான். பந்தின் சீரின்மையைப் பிடிக்க, ஒவ்வோர் இடத்திலும் அதை 180 பாகை திருப்பி இன்னொரு முறை அளக்க வேண்டும். ஒளி சாய்வாக விழும்போது குழாயின் முகப்பு சிறிதாகத் தெரிவதையும் சேர்க்க வேண்டும். சூப்பர்-காமியோகாண்டேயில் 2001 நவம்பரில் ஒரு குழாய் உள்நோக்கி நொறுங்கி, அந்த அதிர்வலையில் ஆயிரக்கணக்கான குழாய்கள் உடைந்தன. அதற்குப் பிறகு ஒவ்வொரு குழாய்க்கும் அக்ரிலிக் மூடி போட்டார்கள். அப்படிப்பட்ட மூடி இருந்தால் அதன் ஒளிபுகுதிறனும் சாய்வுக்கேற்ப மாறும்.

லேசரோடு நிற்காமல் இன்னொரு வகை மூலத்தையும் பயன்படுத்துங்கள். நிக்கல் உருண்டைக்குள் கலிஃபோர்னியம்-252 வைத்தால், அதன் நியூட்ரான்களை நிக்கல் பிடித்து சுமார் 9 மெகா எலக்ட்ரான்வோல்ட் காமாக் கதிர்களை விடும். ஒளி மிகக் குறைவு என்பதால் ஒவ்வொரு குழாயும் ஒற்றை எலக்ட்ரான் நிலையிலேயே இருக்கும். அதிலிருந்தும் லேசரிலிருந்தும் வரும் திறன் அட்டவணைகள் ஒத்துப்போகவில்லை என்றால் சராசரி எடுத்து மூடிவிடாதீர்கள். அந்த வேறுபாட்டுக்குள் ஒரு காரணம் இருக்கிறது, தேடுங்கள்.

படி 5: ஆற்றலோடு இணைப்பது

இதுவரை கிடைத்தவை எல்லாம் ஒப்பீட்டு எண்கள். எத்தனை எலக்ட்ரான்கள் என்றால் எத்தனை மெகா எலக்ட்ரான்வோல்ட் என்று சொல்ல, ஆற்றல் தெரிந்த துகள் வேண்டும். சூப்பர்-காமியோகாண்டேயில் சிறிய நேர்கோட்டு முடுக்கி ஒன்றை வைத்து, ஆற்றல் தெரிந்த எலக்ட்ரான்களை நேரே நீருக்குள் விடுகிறார்கள். 7.13 விநாடி அரை ஆயுள் கொண்ட நைட்ரஜன்-16 இன்னொரு மூலம். அதன் சிதைவு எல்லாத் திசையிலும் ஒளியைத் தருவதால், முடுக்கி போகாத இடங்களையும் சோதிக்கலாம்.

இவற்றில் ஒன்றையாவது பொருத்தத்தில் சேர்க்காமல் தனியே வையுங்கள். நான் ஒதுக்கிவைப்பது மியுவான் சிதைவு எலக்ட்ரான்களை. வானிலிருந்து வரும் மியுவான்கள் (எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் கனமான துகள்கள்) சில கருவிக்குள்ளேயே நின்று, சராசரியாக 2.2 மைக்ரோ விநாடியில் சிதைகின்றன. அந்த எலக்ட்ரான்களின் ஆற்றல் 53 மெகா எலக்ட்ரான்வோல்ட் அருகே முடிவடையும். உங்கள் மாறிலிகளை எல்லாம் போட்டுப் பார்த்தபின் அந்த விளிம்பு தானாகவே சரியான இடத்தில் வந்து நின்றால், முந்தைய நான்கு படிகளும் சரி.

படி 6: தினமும்

அளவுத்திருத்தம் ஒரு நாளில் முடிவதில்லை. நீரின் தெளிவு மாறும். பெருக்கமும் நகரும், சூப்பர்-காமியோகாண்டேயில் அது ஆண்டுக்கணக்கில் மெதுவாக ஏறுவதைக் கண்டிருக்கிறார்கள். எனவே சாதாரணத் தரவு ஓடும்போதே இடையிடையே மங்கலான லேசர் துடிப்பை விட்டு, பதிவில் அதற்கு அடையாளக் குறி வைத்துவிடுங்கள். மாறிலிகளைப் பழையதன்மேல் எழுதாதீர்கள். ஒவ்வொன்றும் எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை செல்லும் என்ற குறிப்போடு இருக்கட்டும்.

கெட்ட சானல்களின் பட்டியல் இந்த அன்றாட வேலையில் மிக எளிதாகப் புறக்கணிக்கப்படுவது. எந்தக் குழாய் எந்த மணியில் இறந்தது, எது திடீரென்று மின்னி அண்டைக் குழாய்களைத் தூண்டுகிறது, எது மௌனமாகிப் பிறகு திரும்பியது என்று ஒவ்வொரு தரவுப் பதிவு ஓட்டத்துக்கும் எழுதுங்கள். 1987-இல் அந்த வெடித்த நட்சத்திரத்தின் நியூட்ரினோக்கள் வந்துசேர்ந்த நேரத்தில் ஐ.எம்.பி. கருவியின் மின்வழங்கி ஒன்று பழுதாகி, குழாய்களில் சுமார் கால் பங்கு அணைந்து கிடந்தது. எவை அணைந்திருந்தன என்பது தெரிந்திருந்ததால் அவர்களால் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள முடிந்தது. அன்று பதிவான 8 நிகழ்வுகளின் ஆற்றலும் திசையும் இன்றுவரை ஆய்வுகளில் பயன்படுகின்றன.